ட்ரெய்லர் கொழுவி மேட்டில ஏறேக்க ட்ரக் உதறுது: கியர்பொக்ஸோ, சாஃப்டோ?

தோட்டவேலை_ஸ்காபரோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டீசல் பிக்கப் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இதை ஒருக்கா வடிவாய் வாசிச்சுப் பதில் சொல்லுங்கோ. விசயம் கொஞ்சம் அவசரம்.

நான் ஸ்காபரோவில இன்ரர்லொக் போடுறது, புல்லுப் பதிக்கிறது, மதில் கட்டுறது எண்டு வெளிவேலை செய்யிறனான். ட்ரக் 2015 சில்வராடோ 2500எச்டி, 6.6 டுராமக்ஸ், அலிசன் ஆறு கியர் ஓட்டோ. நாலு கதவு, எட்டடிப் பெட்டி. பின் அக்சில் ரேஷியோ 3.73 (சில்லு ஒருக்காச் சுத்த, கியர்பொக்ஸில இருந்து பின் அக்சிலுக்குப் போற சாஃப்ட் 3.73 தரம் சுத்தும்). ரயர் 245/75ஆர்17. ஓடினது 2,85,000 கிலோமீற்றர். மாரியில இதே ட்ரக்குக்கு முன்னால பிளவ் பூட்டி ஸ்னோ தள்ளுறனான், அதால கீழை முழுக்க உப்புப் பட்ட வண்டி.

பின்னால இழுக்கிறது மினி எக்ஸ்கவேட்டர் ஏத்தின ரண்டு அக்சில் ட்ரெய்லர். தராசில ஏத்திப் பாத்தனான். மெஷின், பக்கெட், சங்கிலி எல்லாத்தோடையும் 4,400 கிலோ. ஒன்ராறியோவில ஜி லைசன்ஸோட 4,600 கிலோ ட்ரெய்லர் மட்டுந்தான் இழுக்கலாம் எண்டதால நிறையில எப்பவும் கவனமாய் இருக்கிறனான். ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிறேக் இருக்கு, ஒழுங்காய்ப் பிடிக்குது.

இப்ப நடக்கிறது என்னெண்டால், மில்ற்றன் தாண்டி 401 மேலை ஏறுற இடத்தில, நயாகரா எஸ்கார்ப்மென்ட் ஏத்தத்தில, 85 க்கும் 95 க்கும் இடையில சீற்றுக்குக் கீழ உதறத் தொடங்குது. நித்திரை தூங்குற ஆக்களை எழுப்ப ரோட்டுக் கரையில வெட்டி வைச்சிருக்கிற வரிக்கு மேலால ஓடினால் எப்பிடியிருக்கும், அப்பிடி. ஸ்டீயரிங்கில ஒண்டும் இல்லை, சீற்றிலயும் கால் வைக்கிற தரையிலயுந்தான். அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தால் உடனை நிண்டிடும். ட்ரெய்லர் இல்லாமல் ஓடினால் எந்த வேகத்திலயும் ஒண்டும் தெரியாது.

இன்னும் ரண்டு விசயம். பாரத்தோட சிக்னலில நிண்டு எடுக்கேக்க பின்பக்கம் ஒரு சின்ன நடுக்கம் வந்து போகும். பார்க்கிங்கில ரிவர்ஸில இருந்து ட்ரைவுக்கு மாத்தேக்க கீழை 'டொக்' எண்டு ஒரு சத்தம். செக் எஞ்சின் லைற் எரியேல்லை. மேடு ஏறி முடியேக்க கியர்பொக்ஸ் ஓயில் சூடு 96, 97 காட்டும், அதுக்கு மேலை போகேல்லை.

ஒரு கியர்பொக்ஸ் கடையில காட்டினனான். ட்ரெய்லர் இல்லாமலே பக்கத்து ரோட்டில ஒரு சுத்து ஓடிப்போட்டு, டோர்க் கொன்வேர்ட்டர் (எஞ்சினின்ர சுழற்சியை ஓயிலால கியர்பொக்ஸுக்குக் குடுக்கிற சாமான்) முடிஞ்சுது, பெட்டியைக் கழட்டி முழுசாய்ச் செய்யோணும், 8,000 டொலர் எண்டு சொல்லிச்சினம். கோட் ஏதும் இருக்கோ எண்டு கேட்டால், இல்லை, அனுபவத்தில சொல்லுறம் எண்டினம். சீசன் இப்பத்தான் தொடங்குது. என்னோட ரண்டு பெடியள் வேலை செய்யினம், அவையின்ர சம்பளம் இந்த ட்ரக் ஓடினால்தான். எண்ணாயிரம் போட்டும் உதறல் நிக்காட்டி என்ன செய்யிறது? எங்க தொடங்கிப் பாக்கோணும் எண்டு சொல்லுங்கோ.


கல்கரி_மலையோரம் எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் கல்கரியில் இருக்கேன், சொந்த ஊர் நாமக்கல். ஒரு டன் டீசல் பிக்கப்பில் 30 அடி டிராவல் டிரெய்லர் இழுத்துக்கிட்டு வருஷா வருஷம் கோடையில் ராக்கீஸ் பக்கம் போறவன். மெக்கானிக் கிடையாது, ஆனா இதே மாதிரி ஒரு உதறலோட நானும் அல்லாடியிருக்கேன்.

எனக்கு வந்தது டார்க் கன்வர்ட்டர் லாக்-அப் நடுக்கம் (ஓடும்போது கன்வர்ட்டர் வழுக்காம இறுகப் பூட்டிக்கிறதுதான் லாக்-அப்). கோல்டன் கிட்ட கிக்கிங் ஹார்ஸ் பள்ளத்தாக்கு ஏத்தத்தில் வரல, அதுதான் முக்கியம். ஏத்தத்தில் நல்லா மிதிச்சா சுத்தமா இருக்கும். மேல வந்து சமதரையில் லேசா கால் வச்சு 80, 90ல் போகும்போது, கன்வர்ட்டர் லாக் ஆகிற நேரத்தில் ரெண்டு மூணு செகண்ட் படபடன்னு அடிச்சிட்டு நின்னுடும். ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து லேசா ஆடும். டிரான்ஸ்மிஷன் ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன், போயிடுச்சு. கன்வர்ட்டர் மாத்தச் சொன்ன இடத்துக்கு நான் திரும்பப் போகவே இல்லை.

உங்களுக்கு ஏத்தத்தில் நிக்காம வருது, முள் ஆடுதான்னு நீங்க எழுதல. அதைக் கவனிச்சுச் சொல்லுங்க.

இன்னொண்ணு, டீசல் ஃபில்டர் கடைசியா எப்போ மாத்தினீங்க? ஃபில்டர் அடைச்சாலும் பாரம் ஏத்தும்போதுதான் முதல்ல தெரியும். எஞ்சின் கேட்கிற டீசல் கிடைக்காம ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தம்) இறங்கிடும், வண்டி இழுக்காது. டர்போவில் இருந்து வர்ற குழாயில் கிளாம்ப் தளர்ந்து காத்து கசிஞ்சாலும் அப்படித்தான், மிதிக்கும்போது உஸ்ஸுன்னு சத்தமும் கூடவே வரும். உங்க வண்டி ஏத்தத்தில் வேகம் குறையுதா, இல்ல இழுவை சரியா இருந்து வெறும் உதறல் மட்டும்தானா?


தோட்டவேலை_ஸ்காபரோ எழுதியது:

நன்றி அண்ணா. இழுவை முந்தி எப்பிடி இருந்துதோ அப்பிடியேதான் இருக்கு, குறையேல்லை. டீசல் ஃபில்ரர் போன இலையுதிர் காலம் மாத்தினது. ஆர்பிஎம் முள் ஆடேல்லை, அசையாமல் நிக்குது. உதறல் மேடு முடியும் மட்டும் விடாமல் வரும்.


பழைய_ஸ்பனர் எழுதியது:

தம்பி, எண்ணாயிரத்தை இப்போதைக்குப் பொக்கற்றிலயே வைச்சிருங்கோ.

நான் யாழ்ப்பாணத்தில லொறி, பஸ் செய்து பழகி, இங்க வந்தும் பிக்கப், டம்ப் ட்ரக் எண்டு முப்பது வருசத்துக்கு மேலாய் இதுக்குக் கீழதான் கிடக்கிறன். ட்ரெய்லர் கொழுவினால் மட்டும் வாற உதறலை ட்ரெய்லர் இல்லாமல் ஓடிப் பாத்துத் தீர்ப்புச் சொன்ன கடையை நான் நம்பமாட்டன். நோய் வாற நேரத்திலதான் பாக்கோணும்.

கல்கரித் தம்பி சொன்னது சரியான விசயம். லொக்-அப் நடுக்கம் லேசான காலில, பூட்டுப் பிடிக்கிற அந்த நேரத்திலதான் கூட வரும், முள்ளும் ஆடும். உங்களுக்கு முள் அசையாமல் நிக்குது, இழுவையும் குறையேல்லை. அப்ப டீசல், டர்போ பக்கம் இப்ப போகத் தேவையில்லை. மிச்சம் இருக்கிறது கொன்வேர்ட்டர், இல்லாட்டி கியர்பொக்ஸுக்குப் பின்னால இருக்கிற சாமான். இந்த ரண்டையும் பிரிக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்லாத ஒரு வழி இருக்கு.

அதே மேடு, அதே ட்ரெய்லர், அதே 90. பாரம் இழுக்கேக்க போடுற டோ-ஹோல் பட்டனைப் போட்டு, லீவரை எம் இல (கியரைக் கையால மாத்துற இடம்) வைச்சு, முதல் அஞ்சாம் கியரில ஏறுங்கோ. உதறல் வந்த உடனை வேகத்தை மாத்தாமல் நாலாம் கியருக்கு இறக்குங்கோ. உங்கட ரயருக்கும் 3.73 க்கும் 90 இல சாஃப்ட் நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 2,230 தரம் சுத்தும். எந்தக் கியரில இருந்தாலும் அது மாறாது, ஏனெண்டால் சாஃப்ட் சில்லோடதான் கட்டுப்பட்டிருக்கு. எஞ்சின் மட்டும் மாறும். அலிசன் பெட்டியில அஞ்சாம் கியர் 0.71, நாலாம் கியர் நேர் ஒண்டுக்கு ஒண்டு. அப்ப எஞ்சின் 1,580 இல இருந்து 2,230 க்குத் தாவும்.

இப்ப இதைக் கவனமாய் வாசியுங்கோ. அதே மேட்டை அதே வேகத்தில ஏறுறதெண்டால் சாஃப்ட் சுமக்கிற முறுக்கு ரண்டு கியரிலயும் ஒண்டுதான். ஆனால் நாலாம் கியரில கொன்வேர்ட்டர் சுமக்கிற முறுக்கு முப்பது வீதம் மட்டில குறைஞ்சிடும். ஆகவே நாலுக்கு இறக்கின உடனை உதறல் போட்டுது, இல்லாட்டி நல்லாக் குறைஞ்சிட்டுது எண்டால் கொன்வேர்ட்டர், எஞ்சின் பக்கம் சந்தேகப்படலாம். கியரை மாத்தியும் அதே உதறல் அதே 85-95 இல அப்பிடியே நிக்குதெண்டால் பெட்டியைக் கழட்ட ஒரு காரணமும் இல்லை. வருத்தம் பின்னாலதான்.

இரண்டாவது, அஞ்சாம் கியரில உதறேக்க அக்சிலேற்றர் காலை அப்பிடியே வைச்சுக்கொண்டு இடது காலால பிறேக்கை லைற் எரியிற அளவுக்கு மட்டும் தொடுங்கோ. பெரும்பாலும் லொக்-அப் விடுபடும், ஆர்பிஎம் கொஞ்சம் மேலை போகும். அந்த நேரம் உதறல் நிண்டால் கொன்வேர்ட்டர். நிக்காட்டி கொன்வேர்ட்டரில பழி போடேலாது.

போனில அதிர்வு அளக்கிற அப் இருந்தால் பக்கத்தில இருக்கிற ஆள் அதைச் சீற்றின்ர கீழ் ரெயிலில அழுத்திப் பிடிக்கட்டும். 90 இல சில்லு செக்கனுக்கு 10 தரம், சாஃப்ட் 37 தரம். யூ-ஜொயின்ற் (சாஃப்ட் கோணத்தில வளைஞ்சு சுத்த விடுற மூட்டு) ஒரு சுத்துக்கு ரண்டு தரம் தள்ளும், அப்ப 74. பத்தில முனை நிண்டால் ரயர், றிம் பாருங்கோ. 37 எண்டால் சாஃப்டின்ர பலன்ஸ். 74 எண்டால் ஜொயின்ற், இல்லாட்டிச் சாஃப்ட் நிக்கிற கோணம். இதை அஞ்சாம் கியரில மட்டும் அளவுங்கோ. நாலில எஞ்சினும் சாஃப்டும் ஒரே வேகத்தில சுத்துறதால ரண்டும் 37 இல வந்து குழப்பும்.

இதெல்லாம் ஓட்டுறவர் தனியச் செய்யிற வேலை இல்லை. ஞாயிறு விடியக் காலமை, வலது லேனில, இன்னொருத்தரைப் பக்கத்தில இருத்தி அவரை எழுதச் சொல்லுங்கோ.

பிறகு கீழ படுக்கோணும். உங்கட எட்டடிப் பெட்டி வண்டிக்குச் சாஃப்ட் ரண்டு துண்டு, நடுவில ரப்பருக்குள்ள தொங்குற ஒரு பெயாரிங் இருக்கு. உப்புப் பட்ட வண்டியில நான் முதல் கை வைக்கிற இடம் அது. ட்ரெய்லரைக் கழட்டிப்போட்டு, சமதரையில, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைச்சு, கை பிறேக் போட்டு, பிறகுதான் நியூட்ரல். சாஃப்டைக் கையால முன்னும் பின்னும் திருப்புங்கோ, மேலை கீழை ஆட்டுங்கோ. ஒவ்வொரு ஜொயின்றிலயும் ஊசி ரோலர் இருக்கிற கப்பின்ர வாயைப் பாருங்கோ. அதைச் சுத்தி மிளகாய்த் தூள் நிறத்தில காய்ஞ்ச துரு ஒட்டியிருந்தால் உள்ளுக்குக் கிறீஸ் இல்லை, ஊசி ரோலர் அரைபட்டுத் தூளாய் வெளியில வருகுது எண்டு அர்த்தம். கையில ஆட்டம் தெரியாட்டியும் அந்தத் தூள் காணும். நடுப் பெயாரிங்குக்குக் கீழ ஒரு கம்பியைக் குடுத்து மெதுவாய்க் கிண்டுங்கோ. ரப்பர் பிஞ்சிருந்தால் சாஃப்ட் தொங்குறது கண்ணுக்கே தெரியும்.

பாரம் ஏத்தினால் ஏன் வருகுது, வெறுமையாய் ஏன் வரேல்லை எண்டு கேப்பியள். ட்ரெய்லரின்ர மூக்கு நிறை பின் ஸ்பிறிங்கை அமத்தும். அக்சில் மேலை வர, சாஃப்டின்ர பின் துண்டு நிக்கிற கோணம் மாறும். நல்ல ஜொயின்ற் அதைச் சத்தமில்லாமல் தாங்கும், தேஞ்சது தாங்காது. அதுக்கு மேலை மேட்டில முழு முறுக்கும் அந்த ஒரு தேஞ்ச கப்பிலதான் போய் நிக்குது. நீங்கள் சொன்ன 'டொக்', சிக்னலில எடுக்கேக்க வாற நடுக்கம், ரண்டும் இந்தக் கதையோடதான் பொருந்துது. மூக்கு நிறை மொத்தத்தில பத்தில இருந்து பதினைஞ்சு வீதம் இருக்கோணும், உங்களுக்கு 440 இல இருந்து 660 கிலோ. மெஷினை எங்க நிப்பாட்டுறியள் எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ, பக்கெட் ட்ரக் பக்கம் மிஞ்சி வந்தால் பின்பக்கம் அளவுக்கு மேலை குந்தும்.

ஒண்டு மட்டும் அழுத்திச் சொல்லுறன். உந்தத் தூளைக் கண்டால் அதுக்குப் பிறகு ட்ரெய்லர் கொழுவாதேங்கோ. ஓடேக்க பின் ஜொயின்ற் உடைஞ்சால் சாஃப்ட் கீழ விழுந்து பிறேக் குழாய், டீசல் குழாய் எல்லாத்தையும் அடிச்சுக்கொண்டு போகும். இன்னொண்டு கனபேருக்குத் தெரியாது: பார்க்கிங்கில போட்டால் பூட்டுறது கியர்பொக்ஸுக்குள்ளதான். சாஃப்ட் அறுந்தால் பின் சில்லுக்கும் அந்தப் பூட்டுக்கும் தொடர்பு இல்லை, வண்டி உருளும். கை பிறேக்தான் காப்பாத்தும். பெடியள் பின்னால நிண்டு கட்டுற சங்கிலியைக் கழட்டுறவை, அதை மனசில வைச்சிருங்கோ.


ஒஷாவா_வடக்கு எழுதியது:

ரயரையும் மறக்காதேங்கோ. எனக்கு இதே வேகத்தில வந்த நடுக்கம் பின் ரயர் ஒண்டில உள்பட்டி பிரிஞ்சதால. வெளியில ஒண்டும் தெரியாது, கையை வைச்சுத் தடவேக்கதான் ஒரு இடம் மட்டும் பொம்மிக்கொண்டு நிண்டது. ஆனால் எனக்குக் காலை எடுத்தாலும் நிக்கேல்லை, ட்ரெய்லர் இல்லாமலும் வந்தது.


பழைய_ஸ்பனர் எழுதியது:

ஓம், அந்த வித்தியாசந்தான் கணக்கு. காலை எடுக்க நிக்கிறது முறுக்கில வாறது. காலை எடுத்தும் நிக்காதது சுத்துற சாமானின்ர எடை சமனில்லாததால வாறது.


தோட்டவேலை_ஸ்காபரோ எழுதியது:

அண்ணை, எல்லாம் செய்து பாத்தாச்சு. மச்சானைப் பக்கத்தில இருத்திக்கொண்டு ஞாயிறு விடிய மில்ற்றன் மேட்டுக்குப் போனனாங்கள்.

அஞ்சாம் கியரில 88 இல தொடங்கிச்சு. நாலுக்கு இறக்கினன். எஞ்சின் கத்திச்சு, ஆர்பிஎம் 2,200 க்கு மேலை, உதறல் ஒரு சொட்டும் மாறேல்லை. அடுத்த எக்ஸிற்றில இறங்கித் திரும்பி வந்து, அதே மேட்டில அஞ்சாம் கியரில பிறேக்கைத் தொட்டுப் பாத்தன். ஆர்பிஎம் ஒரு இருநூறு மட்டில ஏறிச்சு, உதறல் அப்பிடியே. மச்சான் போனை ரெயிலில அழுத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தவர், "எழுபத்திமூண்டு, எழுபத்தினாலு" எண்டு வாசிச்சார். நீங்கள் எழுதின இலக்கத்தை நான் அவருக்குச் சொல்லேல்லை. எனக்கு அந்த இடத்திலயே எண்ணாயிரம் டொலர் பாரம் நெஞ்சை விட்டு இறங்கிச்சு.

வீட்டை வந்து கட்டை வைச்சுக் கீழ படுத்தன். பின் ஜொயின்றில, பினியன் (அக்சிலுக்குள்ள போற கியர்) பக்கத்துக் கப் வாயில, நீங்கள் சொன்ன அந்தத் தூள். விரலால தொட்டால் வழவழப்பே இல்லை, காய்ஞ்சு உதிருது. மற்றக் கப்புகளில கறுப்புக் கிறீஸ் மினுமினுத்துக்கொண்டிருக்கு, இதில மட்டும் செம்மண். கையால ஆட்டினால் ஆட்டம் மிகக் குறைவு, முந்தி ஒருக்கா ஓயில் மாத்தின இடத்தில அதைத்தான் பாத்துப்போட்டு நல்லாயிருக்கு எண்டு விட்டிருக்கினம். நடுப் பெயாரிங்கின்ர ரப்பர் கீழ்ப்பக்கம் வாய் பிளந்து, கம்பியைக் குடுக்கச் சாஃப்ட் ஒரு விரல் அகலம் மேலை வந்தது.

ஸ்டீல்ஸ் பக்கம் சாஃப்ட் மட்டும் செய்யிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனன். கழட்ட முதல் ரண்டு துண்டும் சேருற இடத்தில வெள்ளைப் பெயின்ரால கோடு போட்டினம். தூள் வந்த கப்பைத் தட்டி எடுத்தால் உள்ளுக்கு ஊசி ரோலர் பாதிக்கு மேலை இல்லை. ஜொயின்றின்ர நடுவில சிலுவை மாதிரி இருக்கிற குறொஸின்ர கையில ஊசி படுத்த அடையாளம் வரிவரியாய்ப் பதிஞ்சு கிடந்தது, நகத்தால சுரண்டினால் ஒவ்வொரு வரியிலயும் நகம் தடக்குது. மூண்டு ஜொயின்றும், நடுப் பெயாரிங்கும் புதுசு போட்டு, சாஃப்டைப் பலன்ஸ் பண்ணித் தந்தவை. எல்லாமாய் ஆயிரம் டொலருக்கு உள்ளதான் வந்தது.

நேற்று மெஷினை ஏத்திக்கொண்டு கிச்சினருக்குப் போனன். 85, 90, 95 எல்லாத்திலயும் அந்த மேட்டைப் பிடிச்சு ஏறினன். ஒண்டும் இல்லை. டாஷில வைச்ச தேத்தண்ணிக் கோப்பையில அலை கூட இல்லை.

ஒரு சின்ன விசயம் மிச்சம். சிக்னலில நிப்பாட்டி எடுக்கேக்க இன்னும் மெல்லிசாய் ஒரு 'டிக்'. ரிவர்ஸில இருந்து ட்ரைவுக்கு மாத்தேக்க முந்தி வந்த 'டொக்' இப்ப இல்லை. இது என்ன?


பழைய_ஸ்பனர் எழுதியது:

நல்ல சந்தோசம் தம்பி. மச்சானுக்கும் சொல்லுங்கோ, 74 ஐச் சரியாய்ப் பிடிச்சிருக்கிறார்.

அந்த 'டிக்' ட்ரெய்லர் இல்லாமலும் வருகுதோ எண்டு முதல் பாருங்கோ. இல்லாமல் வரேல்லை எண்டால் ஹிச்தான். ட்ரக்கின்ர ரிசீவர் சதுரத்துக்குள்ள போல் மவுண்டுக்கு (ட்ரெய்லர் கொழுவுற இரும்பு உருண்டையைத் தாங்குற கட்டை) எப்பவும் கொஞ்சம் இடம் இருக்கும், ஊசி போடுற ஓட்டையும் தேயும். ட்ரெய்லர் வாய் அந்த உருண்டையில இறுக்கமாய் இருக்கோ எண்டு பாத்து, கீழை இருக்கிற நட்டை ஒழுங்காக்குங்கோ. ட்ரெய்லர் இல்லாமலும் வந்தால் சாஃப்ட் நீண்டு சுருங்குற ஸ்ப்லைன் காய்ஞ்சிருக்கும். நிப்பாட்டேக்க பின்பக்கம் உயர்ந்து, எடுக்கேக்க குந்த, அது வழுக்காமல் பிடிச்சு ஒரேயடியாய் விடும். கழட்டித் துடைச்சுக் கிறீஸ் போட்டால் போயிடும். அதுவும் இல்லையெண்டால் ஸ்பிறிங்கை அக்சிலோட பிடிக்கிற யூ-போல்ட் நட்டுகளைப் பாருங்கோ, உப்பில அரிபட்டுத் தளர்ந்திருக்கலாம்.

புதுசாய்ப் போட்ட ஜொயின்றில கிறீஸ் நிப்பிள் இருக்கோ? இருந்தால் ஒவ்வொரு தரம் எஞ்சின் ஓயில் மாத்தேக்கையும் கிறீஸ் கன்னைக் கொழுவி, நாலு கப்பின்ர வாயிலயும் புதுக் கிறீஸ் எட்டிப் பாக்கும் மட்டும் அடியுங்கோ. மூண்டு கப்பில வந்து ஒண்டில வராட்டி அந்த ஒண்டுதான் அடுத்த உதறல். ஸ்னோ சீசன் முடிஞ்ச உடனை ஒருக்கா, உப்பைத் தண்ணியால அடிச்சுக் கழுவின பிறகு இன்னொருக்கா. கழுவுறவை பிரஷர் கன்னை நேரே கப்பின்ர வாயில பிடிக்கக் கூடாது, சீலைத் தாண்டித் தண்ணி உள்ளுக்குப் போயிடும்.

கியர்பொக்ஸுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு நினைக்காதேங்கோ. 2,85,000 ஓடினது. வெளியில திருகி இருக்கிற ஃபில்ரரைக் கழட்டேக்க அதுக்குள்ள வட்டமாய் ஒரு காந்தம் இருக்கும், துடைச்சுப் பாருங்கோ. சாம்பல் நிறக் களி மாதிரி மெல்லிசாய் இருந்தால் வழமையான தேய்மானம். மினுங்குற துகள், விரலில உரசினால் கீறுற துண்டு இருந்தால் எனக்குப் படம் போடுங்கோ. காந்தத்தைத் திருப்பிப் பூட்ட மறக்கக் கூடாது, பழைய ஃபில்ரரோட குப்பையில போறது கனதரம் நடக்கும்.


தோட்டவேலை_ஸ்காபரோ எழுதியது:

நிப்பிள் இருக்கிறதுதான் போட்டது அண்ணை. ஹிச்தான், ட்ரெய்லர் இல்லாமல் 'டிக்' இல்லை. இண்டைக்கு நட்டைப் பாக்கிறன். கோடானுகோடி நன்றி.


கல்கரி_மலையோரம் எழுதியது:

ஸ்பனர் ஐயா, அருமையான விளக்கம். நாலாம் கியர், அஞ்சாம் கியர் கணக்கை என் வண்டிக்கும் போட்டு வச்சுக்கலாம்னு பார்க்கிறேன். பின் ஆக்ஸில் ரேஷியோ என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? என் தம்பிகிட்டயும் இதே மாடல் சில்வராடோதான் இருக்கு, அவனுக்கும் தெரியல.


பழைய_ஸ்பனர் எழுதியது:

உங்கட தம்பியின்ர வண்டியில குளோவ் பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்னக் குறியீடு நிறைஞ்ச ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில ஜிடி4 எண்டிருந்தால் 3.73. உங்கட வண்டிக்கு ட்ரைவர் கதவு நிலையில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில அக்சில் குறியீடு இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டிப் பின்பக்கத்தை ஸ்ராண்டில ஏத்தி, முன் சில்லுக்குக் கட்டை வைச்சு, நியூட்ரலில விட்டு, ரண்டு பின் சில்லையும் ஒரே பக்கமாய் ஒரு முழுச் சுத்துச் சுத்தி, சாஃப்ட் எத்தினை தரம் சுத்துது எண்டு சோக்கால கோடு போட்டு எண்ணுங்கோ. மூண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாய் வந்தால் 3.73. ரயர் அளவையும் சேத்து இங்க எழுதுங்கோ, 90 க்கு உரிய இலக்கங்களை நான் போட்டுத் தாறன்.